பெரியாயி பேசிய இங்கிலீசு

பதுளை டவுனில் இங்கிலீசு தெரிந்தவர்கள் யார் யார் என்று அந்தக் காலத்தில் கேட்டிருந்தால், நாலாவது ஆளாகவாவது என் பேரைச் சொல்லியிருப்பார்கள். முதல் மூன்று பேரும் வக்கீல்மார். நாலாவது நான், ஜாபிர். கோர்ட்டுக்கு எதிர்ப்பக்கம், ஸலீம் நானாவின் புடவைக்கடை விறாந்தையில் ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், நாலைந்து கார்பன் தாள், நான். ஆட்கள் எனக்கு வைத்த பேர் பெட்டிசம் நானா, அதாவது மனு எழுதும் அண்ணன். காணிச் சண்டையோ கள்ளக் கையெழுத்தோ, எதுவானாலும் என்னிடம் வந்து தமிழில் அழுவார்கள். நான் அதையே இங்கிலீசில் அழுது, டைப் அடித்துக் கொடுப்பேன்.

என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. இங்கிலீசுக்காரன் ஒரு சின்னச் சொல்லை எடுத்து, அதன் பின்னால் ஒரு வாலை ஒட்டி, ஆளையே மாற்றிவிடுவான் அல்லவா? அந்த வால் சொற்களை எல்லாம் அதில் எழுதி வைத்திருந்தேன். ‘புட்’ என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். புட் என்றால் வை. புட் ஆன் என்றால் உடுத்திக்கொள். புட் அப் வித் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போ. முப்பத்திரண்டு எழுதியிருந்தேன். “முப்பத்திரண்டு பல்லுக்கும் ஒண்டொண்டாக் கட்டியாச்சா?” என்று என் மனைவி பலீலா கேலி பண்ணுவாள். கேலி பண்ணட்டும். அந்தக் கொப்பியால் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்த முப்பத்திரண்டில் ஒன்றே ஒன்றை எடுத்து, என்னைவிட நன்றாகப் பேசிக் காட்டியவர் ஒரு தோட்டத்துப் பெண். பேர் பெரியாயி. அப்போது நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அறுபத்தேழாம் வருசம், ஐப்பசி மழை. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தார். தோட்டத்தின் பேர் வேண்டாம், விடுங்கள். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, இடுப்பில் எட்டு மாதப் பிள்ளையுடன் என் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே கதையைச் சொன்னார்.

கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைக்காம்பராவிலிருந்து ஆள் ஓடி வந்திருக்கிறது. தாய்மார் மலைக்குப் போனபின் கைக்குழந்தைகளைப் போட்டுவைக்கும் இடம் அது. இந்தப் பிள்ளைக்கு வலிப்பு. வேலையை மேற்பார்க்கும் முருகையா கங்காணியிடம் பெரியாயி சொல்லியிருக்கிறார், கங்காணியும் தலையாட்டியிருக்கிறார். பெரியாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடியிருக்கிறார். பிள்ளை பிழைத்தது. மறுநாள் விடியக் காலை பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் வாசித்தபோது, பெரியாயியின் பேர் வாசிக்கப்படவில்லை. ஏன் என்று கேட்டால், “நீயாத்தானே வேலைய விட்டுட்டுப் போன?” என்று பதில்.

“இது மட்டுந்தானா, வேற ஏதும் இருக்கா?” என்று கேட்டேன். பெட்டிசம் எழுதுகிறவனுக்கு அந்த மூக்கு உண்டு.

“ரெண்டு கெழமைக்கு முந்தி, பிள்ளைக்காம்பரா ஒழுகுதுன்னு பொம்பளைங்க எல்லாம் தொரைகிட்டப் போனோம் நானா. முன்னால நின்னது நான்.”

விளங்கிவிட்டது. புருசன் நல்லையாவுக்கு நெஞ்சுச்சளி, எழுந்து வேலைக்குப் போக முடியாதவர். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பரா பெரியாயியின் வேலையை நம்பி இருந்தது. வேலை போனால் அதுவும் போகும். நோயாளியையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? தொழில் வழக்குக் கேட்கும் நியாய சபைக்கு, என் கைவசம் இருந்த பெரிய பெரிய இங்கிலீசு எல்லாம் போட்டு ஒரு விண்ணப்பம் அடித்தேன். படித்துப் பார்த்து நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். தோட்டத்துத் தரப்பின் பதில் இரண்டே வரி: இவள் தானாக வேலையை விட்டாள், அதன்பின் வேலைக்கு வரவே இல்லை.

வழக்கு தொடங்கியது என்று சொல்லக் கூடாது. தவணை தொடங்கியது. முதல் தவணையில் தோட்டத்தை நடத்தும் தொரைக்குக் காய்ச்சல். இரண்டாவதில் கணக்கப்பிள்ளை இந்தியாவுக்குப் போயிருந்தார். மூன்றாவதில் தோட்டத்து வக்கீலுக்கே வேறு இடத்தில் வழக்கு. கண்டியிலிருந்து வரும் வக்கீல் அவர். எழும்புவார், கழுத்துப்பட்டியைச் சரிசெய்வார், ‘புட் ஆஃப்’ என்பார், உட்காருவார். அவர் கணக்குப் போட்டது எது என்று எனக்குத் தெரியும். வழக்குப் போட்ட ஆள் பேர் கூப்பிடும் நேரத்தில் இல்லாவிட்டால் வழக்கு அத்தோடு தள்ளுபடி. மடுல்சீமையிலிருந்து ஒரு தோட்டத்துப் பெண் எத்தனை தடவைதான் வருவாள்?

நாலாவது தவணை முடிந்து வந்து பெரியாயி கேட்டார். “நானா, அந்த வக்கீலய்யா எந்திரிச்சதும் புட் ஆஃப், புட் ஆஃப்னு ஒண்ணு சொல்றாரே, அது என்னாங்க?”

எனக்கு வாய் ஊறியது. கொப்பியை எடுத்தேன். “புட்டுண்டா வை. ஆஃப்ண்டா அப்பால. ரெண்டையும் சேத்தாத் தள்ளி வை.”

“கட்டுனவளத் தள்ளி வைக்கிறாங்களே, அப்பிடியா?”

“அடடா, அது இல்ல புள்ள. நாளைத் தள்ளி வைக்கிற. கலியாணத்தை, கூட்டத்தை, வழக்கை.” அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் கர்வம் விடுமா? “இன்னும் ஈக்கி, கேளு. லைட்டை புட் ஆஃப் பண்ணுண்டு சொன்னா அணைச்சுப் போடுண்டு அர்த்தம். ஒரு ஆளை புட் ஆஃப் பண்ற எண்டா, அவனுக்கு மனசு விட்டுப் போகச் செய்யிற.”

பெரியாயி கோர்ட்டு வாசலைப் பார்த்தார். “அப்ப அந்தய்யா ஒரு தடவ சொன்னாலே மூணும் நடந்துருதுங்களே நானா. நாளும் தள்ளிப் போவுது, எம் மனசும் விட்டுப் போவுது, வீட்டுல அடுப்பும் அணைஞ்சு போவுது.”

பத்து வருசமாக அந்தக் கொப்பி என் கையில் இருந்தது. இப்படி ஒரு பொருத்தம் எனக்குத் தோன்றியதே இல்லை.

“தள்ளாதீங்கன்னு சொல்லணும்னா எப்பிடிங்க?”

“நோ புட் ஆஃப் எண்டா விளங்கும். ஆனா அது சரியான இங்கிலீசு இல்ல. ‘ப்ளீஸ் டோன்ட் புட் இட் ஆஃப்’ எண்டு முழுசாச் சொல்லோணும்.”

“அம்புட்டு நீளம் எதுக்குங்க?” என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். பஸ் நிலையத்துப் பக்கம் நடந்துபோகும்போது உதடு அசைந்துகொண்டிருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்மேல் எனக்குக் கடுங்கோபம். மடுல்சீமையிலிருந்து விடியக் காலையில் ஒரு பஸ் உண்டு. அதில் வந்தால் எட்டு மணிக்கே வந்து ஆறுதலாக இருக்கலாம். இவர் ஒரு நாளும் அதில் வந்ததில்லை. எப்போதும் இரண்டாவது பஸ். பேர் கூப்பிடுகிற நேரத்தில் மூச்சு வாங்க ஓடி வருவார். “உனக்கு மண்டையில ஏதும் ஈக்கிதா? ஒரு நாளைக்கு பஸ் பிந்தினா வழக்கே போயிடும்! முதல் பஸ்ல வந்தா என்ன?” என்று கத்தியிருக்கிறேன். “வேல இருக்குங்க நானா,” என்பார். வேலையே இல்லாத ஆளுக்கு என்ன வேலை? ஆடு மாடு ஏதும் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பயந்தது ஏழாவது தவணையில் நடந்தது. இரவெல்லாம் மழை, பசறைக்கு மேலே மண் சரிந்து ரோட்டு மூடிவிட்டது. பத்து மணி தாண்டியும் பெரியாயியைக் காணோம். வக்கீல் முகத்தில் சிரிப்பு. பேரைக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை. இரண்டு தடவை. நான் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். மூன்றாவது தடவை கூப்பிட வாய் திறக்கும்போது, எனக்குப் பின்னாலிருந்து “இருக்கேனுங்க!” என்று ஒரு சத்தம். திரும்பினால் பெரியாயி. முழங்கால் வரை சேறு, கணுக்காலில் அட்டை கடித்த இரத்தம். சரிவைக் கடந்து, அந்தப் பக்கம் வந்த லொறியில் ஏறி வந்திருக்கிறார். உள்ளே போய் நின்றார். வக்கீல் எழும்பினார். புட் ஆஃப்.

நான் அன்றைக்கு வக்கீலைத் திட்டிய திட்டு இங்கிலீசில் இல்லை. நல்லவேளை, தமிழில் இருந்தது.

பதினோராவது தவணைக்குப் பிறகு நானே தளர்ந்துவிட்டேன். முதலில் அவருக்காகப் பேச வந்த தொழிற்சங்கத்துக்காரர் வருவதை நிறுத்தி ஆறு மாதம். வழக்கு நடக்கும்வரை லயத்துக் காம்பராவை மட்டும் பறிக்கவில்லை; பெரியாயி பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் மிளகு பறிக்கப் போய்த்தான் குடும்பம் ஓடியது. ஆள் பாதியாக வற்றியிருந்தார். ஒருநாள் சொன்னேன். “இந்தா பாரு பெரியாயி, இதை விட்டுப் போடு. ஸலீம் நானா வீட்டுல சமைக்க ஆள் தேடுறாங்க. பின்னால ஒரு அறை ஈக்கி. புருசனையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்துடு. இந்த வழக்கு முடியாது.”

அவர் கோபப்படவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தார். “நானா, இப்ப நீங்க என்னைய புட் ஆஃப் பண்றீங்க. இல்லீங்களா?”

எனக்கு வந்ததே கோபம்! நல்லது சொன்னால் இப்படியா? “போ, என்னமும் செய், இனி இந்தப் பக்கம் வராதே,” என்று கத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து பலீலாவிடம் பொரிந்து தள்ளினேன். அவள் அரிசியைப் புடைத்தபடி கேட்டாள். “அவ கேட்டதுல என்ன பிழை? நீங்க எழுதி வெச்சீக்கிற அர்த்தம்தானே? அவ கொப்பியில எழுதல்ல, மண்டையில எழுதீக்கிறா.”

பதினைந்தாவது தவணை எழுபதாம் வருசம் மாசி மாதம். எனக்கு மனசு கேட்கவில்லை, மேசையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பின்வரிசை மர வாங்கில் உட்கார்ந்தேன். பெரியாயி இரண்டாவது பஸ்ஸில் வந்து சுவரோரமாக நின்றார். முருகையா கங்காணியைத் தோட்டத்து ஜீப்பில் கொண்டு வந்திருந்தார்கள், சபை ஆளனுப்பிக் கட்டாயம் வரச் சொன்னதால். தொரை வரவில்லை. வக்கீல் எழும்பினார். தொரை அவசரமாகக் கொழும்புக்குப் போயிருக்கிறாராம். புட் ஆஃப்.

சபைத் தலைவர் அலுப்போடு பேனாவை எடுத்தார். அப்போதுதான் அது நடந்தது.

“ஐயா,” என்றது ஒரு குரல். “நோ புட் ஆஃப். ப்ளீஸ்.”

வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மொழிபெயர்க்கிறவர் வாயைத் திறந்து, மொழிபெயர்க்க ஒன்றுமில்லை என்று கண்டு மூடிக்கொண்டார். தோட்டத்துப் பெண் ஒருத்தி நேராகத் தலைவரிடம் பேசியதை அந்த அறை பார்த்ததில்லை. இவர்கள் பேச்சு எப்போதும் யாராவது ஒருவர் வாய் வழியாகத்தான் மேலே போகும். நான் டைப் அடித்த அத்தனை பக்கத்தைவிட அந்த நாலு சொல்லுக்குக் கனம் இருந்தது.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். ஏன் என்று கேட்கச் சொன்னார்.

“பதினாலு தவண வந்துட்டேங்க,” என்றார் பெரியாயி. “ஒரு நாளும் நான் தள்ளி வைக்கச் சொல்லலீங்க. சாட்சி அந்தா ஒக்காந்திருக்காரு. அவர வச்சே கேட்டுருங்க.”

வக்கீல் ஏதோ சொல்ல எழும்பினார். தலைவர் கையைக் காட்டி உட்கார்த்திவிட்டு, முருகையாவைக் கூண்டுக்குக் கூப்பிட்டார்.

முருகையா கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். தலைப்பாகையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார். பெரியாயி போன நாளுக்குப் பிறகு வேலை செய்தாளா? “இல்லீங்க.” வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார்.

பெரியாயிக்காகக் கேள்வி கேட்க யாரும் இல்லை. இங்கிலீசு தெரிந்த நாலாவது ஆள் பின் வாங்கில் நாக்கு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தான். நீயே ஏதும் கேட்க வேண்டுமா என்று தலைவர் கேட்டார். பெரியாயி இரண்டு அடி முன்னால் வந்தார்.

“கங்காணி, பெரட்டுக்களத்துல நான் எங்கிட்டு நிப்பேன்?”

“மூணாவது வரிசையில. கொய்யா மரத்தோரம்.”

“நேத்துக் காலையில அந்த எடத்துல யாரு நின்னா?”

முருகையா வக்கீலைப் பார்த்தார். வக்கீல் எழும்பினார். பதில் வரட்டும் என்றார் தலைவர்.

“நீதான்,” என்றார் முருகையா.

“முந்தாநாளு?”

“நீதான்.”

“இன்னைக்கு?”

முருகையா பெரியாயியை விட்டுவிட்டுத் தலைவர் பக்கம் திரும்பினார். “ஐயா, நான் புள்ளகுட்டிக்காரன். பேரு வாசிக்க வேணாம்னு எனக்கு உத்தரவு, நான் வாசிக்கலீங்க. ஆனா இந்தப் பொம்பள நிக்காத நாளு கெடையாதுங்க. ரெண்டு வருசமா, கூடையோட வந்து நிக்கும். எல்லாரு பேரும் வாசிச்சு, எல்லாரும் மலைக்குப் போனப்பறந்தான் வீட்டுக்குப் போகும். மழையிலயும் நின்னுச்சுங்க. இன்னைக்குக் காலையிலயும் நின்னுட்டுத்தாங்க பஸ்ஸுக்கு ஓடுச்சு.”

இரண்டாவது பஸ்! என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். வேலைக்கு வரவே இல்லை என்ற அந்த இரண்டு வரியை உடைக்க, இரண்டு வருசமாக ஒவ்வொரு விடியலும் அவர் கையில் சாட்சி இருந்திருக்கிறது. கேட்க எனக்குத் தோன்றவில்லை. முதல் பஸ்ஸில் வரச் சொல்லித் திட்ட மட்டும் தெரிந்தது.

வெளியே வந்ததும், “ஏன் புள்ள என்கிட்டச் சொல்லல்ல?” என்று கேட்டேன்.

“இதப் போயி யாராச்சும் பெட்டிசத்துல எழுதுவாங்களா நானா?” அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். “பெரட்டுக்குப் போவலைன்னா வேலைய விட்டுட்டதா ஆயிரும். நான்தான் விடலையே.”

அன்றைக்கு விசாரணை மாலை வரை நடந்து முடிந்தது. தீர்ப்பு இரண்டு மாதத்தில் வந்தது: பெரியாயியைச் சித்திரை கடைசித் திங்கட்கிழமை முதல் பழையபடி வேலைக்கு எடுக்க வேண்டும். தபாலில் அனுப்பினாலே போதும். நான் அனுப்பவில்லை. பிரதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ்ஸில் மடுல்சீமைக்கு ஏறினேன். கடைத்தெருவில் மச்சான் ஒருவர் கடையில் படுத்து, விடியமுன் எழுந்து தோட்டத்துக்கு நடந்தேன். குளிரில் பல் கிட்டியது. எனக்கு இது ஒரு நாள். அவருக்கு இப்படி எத்தனை நாள்!

பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மூன்றாவது வரிசையில், கொய்யா மரத்தோரம், கூடையோடு பெரியாயி. முருகையா பேர் வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பேருக்கும் ‘இருக்கேனுங்க’ என்று ஒரு சத்தம். பிறகு அவர் ஒரு கணம் நிறுத்திவிட்டு வாசித்தார்.

“பெரியாயி.”

சத்தம் இல்லை. பார்த்தேன். பெரியாயி வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. மண் சரிவைத் தாண்டி வந்து கோர்ட்டு வாசலில் கத்திய குரல், தலைவர் முன்னால் இங்கிலீசு பேசிய குரல், இப்போது வர மாட்டேன் என்கிறது. கண்ணீர்தான் வந்தது. பதில் இல்லாத பேரை விட்டுவிட்டு அடுத்ததைப் படிப்பது அங்கே வழக்கம். முருகையா அடுத்த பேரைப் படிக்கவில்லை. இன்னொரு தடவை, மெதுவாக, “பெரியாயி,” என்றார்.

“இருக்காங்க!” என்றது மூன்றாவது வரிசை. ஒருத்தி இல்லை, வரிசை முழுவதும். பிறகு இரண்டாவது வரிசையும் சொன்னது. பிறகு எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். எனக்கும் அந்தப் பெரட்டுக்கும் என்ன சம்பந்தம்? கத்திச் சொன்னேன்.

முருகையா பென்சிலை நாக்கில் தொட்டு, அந்தப் பேருக்கு நேரே ஒரு கோடு போட்டார். பெரியாயி முகத்தைத் துடைத்துவிட்டுக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினார். மலைக்கு ஏறும்போது என்னைக் கண்டு நின்றார்.

“நானா, நீங்களா? எந்த பஸ்ல வந்தீங்க?”

“போயிட்டு வாங்க பெரியாயி,” என்றேன். “பிந்தப் போகுது, நீங்க போங்க.”